பேர் மட்டும்

என் அக்கா கேக்கின் மேல் எழுதுகிறவள். கேக் செய்கிறவள் இல்லை, எழுதுகிறவள். இதை யாராவது மாற்றிச் சொல்லிவிட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். “மாவு அடிக்கிறவங்க, அடுப்பு பாக்குறவங்க எல்லாம் பின்னாடி. நான் முன்னாடி. என் வேலை தப்பாச்சுன்னா மொத்த கேக்கும் தப்பு” என்பாள். எண்ணெய்த் தாளைக் கூம்பாகச் சுருட்டி, க்ரீமை நிரப்பி, நுனியை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கினால் அதுதான் அவளுடைய பேனா. கடையில் அதைக் கோன் என்பார்கள். அதனால் அவளுக்கும் கோன் அக்கா என்றே பேர் விழுந்துவிட்டது. முதலாளி அவளைவிட வயதில் மூத்தவர். அவரும் கோன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

எழுதும்போது அவளைப் பார்க்க வேண்டும். நாக்கு நுனி ஒரு பக்கமாக வெளியே எட்டிப் பார்க்கும். மூச்சு விடுகிறாளா என்றே சந்தேகம் வரும். முதல் எழுத்தை வைப்பதற்கு முன் முழு வாசகத்தையும் காற்றில் ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்வாள், கடைசி எழுத்துக்கு இடம் இருக்கிறதா என்று. இடம் பற்றாமல் கடைசியில் நெருக்கி எழுதுகிறவர்களை அவள் மனிதர்களாகவே மதிப்பதில்லை. அவளோடு தெருவில் நடந்து போவது பெரிய தலைவலி. கடைக்குக் கடை நின்று போர்டைத் திட்டுவாள். “பாரு, நடுவுல ஆரம்பிக்கணும்னு அறிவு இருக்கா? எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது. தண்ணி போட்டுட்டு எழுதியிருப்பான்.” கடைக்காரர் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். இத்தனைக்கும் வீட்டில் எனக்குத்தான் பட்டாசு என்று பேர்.

அவளுடைய ரோஜாவைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. ஆணித்தலை மாதிரி ஒரு சின்னத் தட்டில் க்ரீமைச் சுற்றிச் சுற்றி இதழ் வைப்பாள். கேக்கை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ரோஜாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஒரு துண்டு கேக் வாயில் வைக்க மாட்டாள். நாள் முழுக்கச் சர்க்கரை வாசனை. முடியில், உள்ளங்கையில், புடவைத் தலைப்பில் எல்லாம் வெனிலா. வேலை முடிந்து வெளியே வந்ததும் நேராகத் தெருமுனை வண்டிக்குப் போவாள். அங்கே உருளைக்கிழங்கு சிப்ஸை எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டோடு மிளகாய்த்தூள் தூவி, காகிதத்தில் கட்டிக் கொடுப்பார்கள். அதை நின்றபடி தின்று, விரலில் ஒட்டியிருக்கும் காரத்தையும் நக்கி, கண்ணில் தண்ணீர் வர உஸ் உஸ் என்று ஊதிக்கொண்டால்தான் அவளுக்கு உயிரே வரும். கல்யாணமாகி, மகன் பிறந்து, அவன் வளர்ந்து வெளிநாட்டில் வேலைக்குப் போய்விட்ட பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. “என் சம்பளத்துல எனக்குன்னு நான் வெச்சுக்கிறது இந்தக் காரம் ஒண்ணுதான்” என்பாள்.

கடையில் அவள் வைத்த ஒரு சட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதை எனக்குக் கடைக்காரர்கள் பிற்பாடுதான் சொன்னார்கள். முன்பே தெரிந்திருந்தால் நான் வேறு கடைக்குப் போயிருப்பேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்து தன் மனைவிக்குப் பிறந்தநாள் கேக் சொல்லியிருக்கிறார். மனைவி படுத்த படுக்கை. அக்காவுக்கு அது தெரியாது. ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள், நீடூழி வாழ்க’ என்று கொட்டை கொட்டையாக எழுதி, சுற்றிலும் ரோஜா வைத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் அந்த மனிதர் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். கேக்கில் கத்தியே படவில்லை. “வேற யாருக்காவது குடுத்துடுங்க. அவ படிச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் அக்காவும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு மறந்திருப்பாள். அவர் திட்டவில்லை. அதுதான் அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது.

அன்றிலிருந்து, நோயாளிக்கென்று யாராவது கேக் சொன்னால் கவுண்ட்டரில் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று சட்டம் போட்டாள். என்ன உடம்பு என்று கேட்கக் கூடாது. “எப்ப வீட்டுக்கு வருவாங்க?” என்று கேட்க வேண்டும். அடுத்த வாரம், நாளன்னைக்கு என்று பதில் உடனே வந்தால் வாழ்த்து, ரோஜா எல்லாம் வைத்து அமர்க்களமாக எழுதலாம். பதில் வராமல் ஆள் நின்றுவிட்டால் வாழ்த்து கிடையாது, பூ கிடையாது. சாக்லேட் நிறத்தில், நட்டநடுவில், அவர்களுடைய பேர் மட்டும். கவுண்ட்டரிலிருந்து “பேர் மட்டும் ஒண்ணு” என்று உள்ளே குரல் கொடுப்பார்கள். அதைக் கேட்டதும் உள்ளே இருப்பவர்கள் ரேடியோவைக் குறைத்துவிடுவார்கள். அதுவும் அக்கா பழக்கியதுதான்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, ஆள் பாதியாகிவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு டாக்டரம்மா என்னையும் அத்தானையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நல்ல மனுஷி, சுற்றி வளைக்கவில்லை. கணையத்தில் கட்டி, பரவிவிட்டது, அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். “நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்று கேட்டார். கடைசியாக, “அவங்க என்ன ஆசைப்படறாங்களோ அதைக் குடுங்க, கட்டுப்பாடு ஒண்ணும் வேண்டாம்” என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. அத்தானுக்கு விழவில்லை.

அத்தான் தங்கமான மனிதர். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையில் இருந்து ஓய்ந்தவர். ஒரு எறும்பைக்கூட நசுக்க மாட்டார். அப்படிப்பட்ட ஆள் அந்த வராந்தாவிலேயே டாக்டரம்மாவிடம் கையெடுத்துக் கும்பிட்டு, “நாங்களே சொல்லிக்கிறோம்மா” என்றார். டாக்டரம்மா போனதும் அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பட்டாசு, அவகிட்ட சொல்லிடாதே. தாங்க மாட்டா. குடல்ல புண்ணுன்னு சொல்லுவோம்.”

“அத்தான், அவ சின்னக் குழந்தையா?”

“எனக்காக. எனக்குச் சத்தியம் பண்ணு.”

நான் பண்ணித் தொலைத்தேன். வெளிநாட்டிலிருந்து அக்கா மகனும் போனில் அதையேதான் சொன்னான். “சித்தி, நான் லீவு கிடைச்சு வர்ற வரைக்கும் அம்மாகிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்.” சரி, இரண்டு ஆம்பளைகளும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள், என் வாயைப் பூட்டிக்கொண்டேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. புண் என்று சொன்னால் புண்ணுக்கு உண்டான பத்தியமும் வந்துதானே ஆக வேண்டும்? அத்தான் கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார். உப்பு பேருக்கு, காரம் அறவே இல்லை. காலையில் கஞ்சி, மத்தியானம் குழைந்த சோறு, சாயந்தரம் மறுபடியும் கஞ்சி. அக்கா ஒவ்வொரு கரண்டியையும் மருந்து விழுங்குவது போல விழுங்குவாள். “இந்தப் புண்ணு ஆறட்டும். நேரா அந்தச் சிப்ஸ் வண்டிக்குத்தான் போவேன். அவன் எண்ணெயைக் காலி பண்ணிட்டுத்தான் வருவேன்” என்பாள். அத்தான் பல்லைக் காட்டிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்று டாக்டரே சொன்ன ஒருத்தி, இல்லாத புண்ணுக்காக வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். மிச்சமிருக்கும் நாட்களை இப்படிக் கஞ்சியிலா கரைப்பது?

ஒருநாள் நர்ஸே கேட்டுவிட்டாள். “ஏங்க, எப்பப் பாத்தாலும் இவங்களுக்குக் கஞ்சியே குடுக்கறீங்க?” அத்தான் பதறிப்போய் அவளை வெளியே தள்ளிக்கொண்டு போய்க் காதில் ஏதோ ஓதினார். நான் வராந்தாவில் அத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரே ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிட்டு வரேன். விடுங்க.”

“காரம் புண்ணுக்கு ஆகாதும்மா.”

“எந்தப் புண்ணுக்கு அத்தான்?”

அவர் திருதிருவென்று முழித்தார். தான் சொன்ன பொய்யை அவரே நம்ப ஆரம்பித்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குமேல் அவரோடு என்ன சண்டை போடுவது? சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

இந்த லட்சணத்தில் அவள் பிறந்தநாளும் வந்தது.

விடிந்ததிலிருந்து போன். பெரியம்மா மகள், அத்தானின் தம்பி, பழைய வீட்டுக்காரம்மா, இன்னும் யார் யாரோ. அத்தான் ஒவ்வொன்றையும் ஸ்பீக்கரில் போட்டு அக்காவின் காதருகே பிடிப்பார். “நூறு வயசு இருப்பே!” “அடுத்த பிறந்தநாளுக்கு ஓடியாடிக்கிட்டு இருப்பே, பாத்துக்கிட்டே இரு!” “புண்ணுதானே, இதெல்லாம் ஒரு வியாதியா?” இதில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். தெரிந்தவர்கள்தான் குரலை உயர்த்தி வாழ்த்தினார்கள். தெரியாதவர்கள் சாதாரணமாகப் பேசிவிட்டு வைத்துவிட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாரும் சொல்லிட்டாங்க. நீ ஏன்டி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறே?” என்று அக்கா கேட்டாள்.

“சாயந்தரம் சொல்றேன். வேலைக்கு நேரமாச்சு.”

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு ஒரு வாழ்த்து சொல்ல வேண்டும், அதில் பொய் இருக்கக் கூடாது. சத்தியத்தையும் மீறாமல், அவளையும் ஏமாற்றாமல் அப்படி ஒரு வார்த்தை எங்கே இருக்கிறது? நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் துணிக்குச் சீட்டுக் குத்திக்கொண்டே அன்று முழுவதும் யோசித்தேன். ஒருவர் கோட்டை இன்னொருவர் பையில் போட்டு, அதற்கும் வசவு வாங்கினேன். மத்தியானம் வாழ்த்து அட்டை விற்கும் கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு வரிசை முழுக்கப் பிறந்தநாள்: பலூன், குட்டி நாய், ‘இன்று போல் என்றும் சிரித்திரு’. இன்னொரு வரிசை முழுக்க நோய்: பூங்கொத்து, ‘விரைவில் குணமடைய வேண்டுகிறோம்’. நோயிலே படுத்திருக்கிறவர்களுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை பிறந்தநாள் வந்து தொலைக்கும் என்று இந்த அட்டை அடிக்கிறவர்களுக்குத் தோன்றவே தோன்றாதா? கடைப் பெண்ணிடம் இதைக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

அப்போதுதான் கேக் வாங்கிக்கொண்டு போகலாம் என்று தோன்றியது. ஊருக்கெல்லாம் வாழ்த்து எழுதியவளுக்கு அவள் கடையிலிருந்தே எழுதிக் கொடுக்கட்டும். அவர்கள் என்ன எழுதினாலும் அது அவர்கள் வார்த்தை. நான் பொய் சொன்னதாக ஆகாது. என்ன ஒரு புத்திசாலித்தனம்!

கடைக்குள் நுழைந்து “கோன் அக்காவுக்கு” என்றதும் எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். அடுப்புக்காரர் கையில் மாவோடு வந்தார். அக்காவின் இடத்தில் இப்போது எழுதுகிறவளுக்குச் சின்ன கோன் என்று பேர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா சாப்பிடறாங்களா?” என்று கேட்டாள். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன்: குடல் புண், மருந்து கொடுக்கிறார்கள், பரவாயில்லை.

கவுண்ட்டர்காரர் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, “நல்லது. எப்ப வீட்டுக்கு வருவாங்க?” என்றார்.

நான் சலவைக் கடையில் வேலை பார்க்கிறவள். “எப்ப கிடைக்கும்?” என்ற கேள்விக்குக் காலையிலிருந்து சாயந்தரம் வரை பதில் சொல்கிறவள். வெள்ளிக்கிழமை என்பேன், நாளைக்குக் காலையில் என்பேன். வாயில் வந்ததை அடித்துவிடுவேன், கூசவே கூசாது. அன்றைக்கு என்ன வந்ததோ, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

கவுண்ட்டர்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் திருப்பி, “பேர் மட்டும் ஒண்ணு” என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் குரல் பிசிறியது. உள்ளே ரேடியோ அடங்கியது. அடுப்புக்காரர் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் அக்காமேல் இவர்களுக்கு எத்தனை பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கும் அந்த நேரத்தில் கை பழகிய வேலையைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. சட்டம் போட்டவளுக்கே அந்தக் கேக் போகிறது, அவள் அதைப் படிப்பாள் என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். அக்காவைத் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அத்தான் அவளுக்கு முகம் துடைத்து, தலை வாரிவிட்டிருந்தார். என் கையில் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. “புண்ணுக்கு இனிப்பு...” என்று ஆரம்பித்தவரை ஒரு முறை முறைத்தேன். அக்காவோ பெட்டியின் மேல் இருந்த கடைப் பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நம்ம கடையா? கொண்டா, கொண்டா. அந்தச் சின்னக் கழுதை ரோஜாவை என்ன லட்சணத்துல போட்டிருக்கான்னு பாப்போம்.”

கட்டில் மேசையை இழுத்துப் போட்டு, பெட்டியை வைத்து, மூடியைத் திறந்தேன். அத்தான் கைதட்ட ஆரம்பித்தார்.

வெள்ளைக் க்ரீம். நட்டநடுவில், சாக்லேட் நிறத்தில், ‘கோன் அக்கா’. வேறு ஒன்றும் இல்லை.

அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அத்தானின் கைதட்டல் குறைந்து, ஒன்றிரண்டு தட்டோடு நின்றது. அக்காவின் விரல் மேலே எழுந்து, எழுத்துகளைத் தொடாமல் காற்றிலேயே அவற்றின் மேல் ஒரு தடவை போய் வந்தது.

“நேரா எழுதியிருக்கா. இடம் சரியா விட்டிருக்கா” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “கவுண்ட்டர்ல உன்கிட்ட என்ன கேட்டாங்க?”

“என்ன கேட்டாங்க... எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க.”

“அப்புறம்?”

“எப்ப வீட்டுக்கு வருவாங்கன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னே?”

நான் பேசாமல் நின்றேன்.

“இதேதான் அங்கேயும் சொல்லியிருக்கே” என்றாள் அக்கா.

அத்தான் குறுக்கே விழுந்தார். “ஏதோ அவசரத்துல எழுதியிருப்பாங்க, நாளைக்கே நான் போய்...”

“நீங்க சும்மா இருங்க.” சத்தம் போடவில்லை, ஆனால் அத்தான் வாயை மூடிக்கொண்டார். “இது நான் வெச்ச சட்டம். வாழ்த்து சொன்னா வலிக்குமேன்னு வெச்சேன். மத்தவங்களுக்கு இது வெறும் பேரு. பாத்துட்டுச் சந்தோஷமா வெட்டுவாங்க. எனக்கு இது ரிப்போர்ட்டு.” பெட்டியைத் தள்ளினாள். “பட்டாசு, டாக்டர் என்ன சொன்னாங்க?”

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினார், கண்ணில் தண்ணீரோடு. எனக்கு அவர் மேல் பரிதாபம் வர வேண்டும், கோபம்தான் வந்தது. அத்தனை நாள் அடக்கியது எல்லாம் சேர்ந்து வந்தது.

“போதும் அத்தான். சத்தியமாவது மண்ணாவது. அவளுக்குத் தெரியாம நாம யாருக்காக மறைக்கிறோம்?”

சொல்லிவிட்டேன். கணையம், கட்டி, பரவியது, வலியில்லாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம். டாக்டரம்மா சொன்ன மாதிரியே, சுற்றி வளைக்காமல் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“அப்போ புண்ணு?”

“புண்ணே இல்லை.”

“காரம் சாப்பிடலாமா?”

“எது வேணும்னாலும் சாப்பிடலாம்னு அன்னைக்கே சொன்னாங்க.”

அவ்வளவுதான். அவ்வளவு நேரம் அமைதியாக இருந்தவள் அத்தான் பக்கம் திரும்பினாள். இப்படி ஒரு அக்காவை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

“இத்தனை நாளா எனக்கு அந்தப் பசையை ஊட்டினீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க? வாயில வைக்க முடியலைன்னு நான் அழுதப்போ ‘கொஞ்சம் பொறுத்துக்கோ, ஆறிடும்’னு சொன்னீங்களே! எது ஆறிடும்?”

“நீ மனசு உடைஞ்சு போயிடுவேன்னு...”

“உடைஞ்சா என் மனசுதானே உடையும்? உங்களைக் கேட்டுக்கிட்டா உடையணும்?”

பக்கத்துக் கட்டில்காரம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பின்வாங்கினாள். அத்தான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். “எனக்குப் பயமா இருந்துச்சு” என்றார்.

“எனக்கும் பயமாத்தான் இருக்கு” என்றாள் அக்கா. இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. “இத்தனை நாளா நான் தனியாத் தெரியாம இருந்தேன், நீங்க தனியாத் தெரிஞ்சுக்கிட்டு இருந்தீங்க. ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம் இல்ல?”

அவள் அழுதாள். அத்தான் அழுதார். நானும் அழுதேன்; எனக்கு அழுகையோடு எரிச்சலும் சேர்ந்து வந்ததில் மூக்கு அடைத்துக்கொண்டது. இந்த ஒரு பேச்சை வராந்தாவிலிருந்து கட்டிலுக்குக் கொண்டுவர எங்களுக்கு இத்தனை நாள் பிடித்தது. அதுவும் நாங்களாகக் கொண்டுவரவில்லை. கேக் வந்து சொல்லிவிட்டது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு அக்கா சொன்னாள்: “போங்க. போய் சிப்ஸ் வாங்கிட்டு வாங்க. அந்த வண்டியில. சூடா. தூள் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க, கோன் அக்காவுக்குன்னு சொல்லுங்க.”

அத்தான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். அவர் போவதைப் பார்த்து அக்கா, “பாவம் மனுஷன்” என்றாள். உடனே, “கஞ்சியை மன்னிக்க மாட்டேன்” என்றும் சொன்னாள்.

அவர் வருவதற்குள் ஒரு போன் வந்தது. பெரியம்மா மகள்தான், மறுபடியும். அக்காவே எடுத்தாள். “அடுத்த வருஷம் உன் பிறந்தநாளை எங்க வீட்டுலதான் கொண்டாடுறோம், சொல்லிட்டேன்!” என்று அந்தப் பக்கம் முழங்கியது. அக்கா, “சரிம்மா. ரோஜா நிறைய வெச்சு வாங்கு” என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் செருகினாள்.

அத்தான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். பொட்டலத்தில் எண்ணெய் ஊறி, சிவப்பாகக் கசிந்திருந்தது. அக்கா ஒன்றை எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவளால் அதிகம் தின்ன முடியவில்லை; மூன்று நான்கு தின்பதற்குள் களைத்துவிட்டாள். அதைப் பார்த்தபோது எனக்கு மறுபடியும் ஆத்திரமாக வந்தது. அவள் ஒரு பொட்டலத்தை முழுசாகத் தின்னக்கூடிய நாட்களும் இருந்தன. அவற்றைத்தான் கஞ்சி கொண்டுபோயிருந்தது.

விரலிலிருந்த மிளகாய்த்தூளை நக்கிக்கொண்டே, “சாயந்தரம் சொல்றேன்னியே. சாயந்தரம் ஆயிடுச்சு” என்றாள்.

“என்ன சொல்றதுன்னு எனக்கு வரலை. நாள் முழுக்க யோசிச்சுப் பாத்துட்டேன். எது சொன்னாலும் பொய்யாப் போகுது. கடைக்குப் போய் அட்டைகூடத் தேடினேன். ஒண்ணுமே இல்லை.”

“கேக் சொல்ல வந்து கவுண்ட்டர்ல நிக்கிறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க” என்றாள். கேக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். “பேர் மட்டும் சொல்லு.”

பிறந்ததிலிருந்து நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எனக்குத் தெரிந்த பேர் ஒன்றுதான்.

“அக்கா” என்றேன்.

“ம்” என்றாள், வாயில் சிப்ஸோடு.